ஊற்று ஒரு பக்கம், குழாய் மறுபக்கம்: மலையகத்தில் எல்லை தாண்டும் தண்ணீர்ப் பிணக்குகள் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கையின் மத்திய மாகாணத்தின் ஓரத்தில் இருக்கிறது. பின்னால் உள்ள மலையில் ஏறி இறங்கினால் ஊவா மாகாணம். இங்கே நீர்ப்பாவனையாளர் சங்கத்தில் ஒன்பது வருடம் செயலாளராக இருந்தேன். அதனால் திருவிழாவில், மரண வீட்டில், ஹட்டன் பஸ்ஸில் என்று எங்கே கண்டாலும் ஆட்கள் தண்ணீர்ப் பிரச்சினையைத்தான் கேட்பார்கள். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே எழுதியிருக்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை. வழக்கு என்று போகுமுன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

ஊத்து எங்க தோட்டத்து மலையிலதான் இருக்கு. அப்போ தண்ணி எங்களுக்குத்தானே சொந்தம்?

இல்லை. 1972லும் 1975லும் நடந்த காணிச் சீர்திருத்தத்தில் பெருந்தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டது. காணி இன்னும் அரசின் கையில்தான். ஓடை, ஆறு போன்ற பொது நீரோட்டங்களின் பாவனையும் கட்டுப்பாடும் அரசுக்கே உரியவை என்று 1947ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க அரச காணிகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. தனியார் காணிக்குள் ஊறி அங்கேயே முடியும் ஊற்றின் கதை வேறு. அதற்கு உறுதியையும் வரைபடத்தையும் பார்க்க வேண்டும்.

ஆகவே "யாருக்குச் சொந்தம்" என்று சண்டையைத் தொடங்கினால் அது முடியாது. யார், எவ்வளவு காலமாக, எவ்வளவு எடுக்கிறார்கள் என்று கேட்டால் பேச்சு நகரும்.

அப்படின்னா கம்பனிக்காரங்க "எங்க தண்ணி"ன்னு சொல்றது பொய்யா?

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. காணியின் நிர்வாகம் அவர்களிடம் இருக்கிறது. அவர்கள் கட்டிய தாங்கி, போட்ட பைப் எல்லாம் அவர்களுடையவை. தேயிலை மலையை வெட்டி உங்கள் பைப்பைக் கொண்டுபோக அவர்களின் சம்மதம் வேண்டும். ஓடையில் ஓடும் தண்ணீர் மட்டும் அந்தக் கணக்கில் வராது. பெரிய தொரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) வாயால் கேட்டு, தலையாட்டலோடு திரும்பி வராதீர்கள். தொரை மாறினால் அந்தத் தலையாட்டலும் போய்விடும். இரண்டு வரியாக இருந்தாலும் எழுத்தில் வாங்குங்கள்.

எல்லை எல்லைன்னு சொல்றீங்களே, தண்ணிக்கு ஏது எல்லை?

தண்ணீருக்கு இல்லை, கந்தோர்களுக்கு இருக்கிறது. ஒரே ஓடை இரண்டு டிவிசன் (தோட்டத்தின் பிரிவு), இரண்டு கிராம உத்தியோகத்தர் பிரிவு, இரண்டு பிரதேச சபை, சில இடங்களில் இரண்டு மாவட்டம், இரண்டு மாகாணம் என்று போகும். நடுவில் ஒரு துண்டு காடு வந்தால் வன இலாகாவும் சேரும். 2018 உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன் நுவரெலியா பிரதேச சபையும் அம்பகமுவ பிரதேச சபையும் மூன்று மூன்றாகப் பிரிந்தன. மக்களுக்குப் பக்கத்தில் சபை வந்தது நல்லதுதான். ஆனால் அதுவரை ஒரே கூரையின் கீழ் பேசிய பல தண்ணீர் விசயங்கள் அதன் பிறகு இரண்டு சபைக்கு இடையில் விழுந்தன.

உங்கள் பிணக்கை விளங்கிக்கொள்ள மூன்று இடங்களைக் குறியுங்கள்: ஊற்று, பைப் போகும் பாதை, குழாய். போனில் உள்ள வரைபடத்தில் மூன்றையும் புள்ளி வைத்து, இரு பக்கத்து ஜி.எஸ்.மாரிடமும் (கிராம உத்தியோகத்தர்களிடமும்) காட்டி, எது எவர் பிரிவு என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மாலை நேர வேலை. இதைச் செய்யாமல் பத்து வருடம் கடிதம் எழுதியவர்களை எனக்குத் தெரியும்.

மூணு இடமும் மூணு எல்லையில இருந்தா யாருகிட்ட முதல்ல போறது?

முதலில் மறுபக்கத்து ஆட்களிடம். அது சரிவராவிட்டால் இரண்டு ஜி.எஸ்.மாரையும் கூட்டி ஊற்றடியில் நில்லுங்கள். அடுத்து, ஊற்று இருக்கும் பிரிவின் பிரதேச செயலாளர். அரச காணி அவரது பொறுப்பில் வருவதால் கடிதம் அவருக்குப் போக வேண்டும். குழாய் இருக்கும் பிரிவின் செயலாளருக்கும் அதே கடிதம். மாவட்டம் இரண்டானால் இரண்டு கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகத்துக்கும்) பிரதி.

கடிதத்தின் தலையில் எல்லாருடைய பதவியையும் ஒன்றாகப் போடுங்கள். நாங்கள் இரண்டு கந்தோருக்குத் தனித்தனிக் கடிதம் எழுதி ஏழு மாதம் அலைந்தோம். ஒவ்வொரு மேசையிலும் "அது அந்தப் பக்கத்து விசயம்" என்றார்கள். எட்டாவது மாதம் ஒரே தாளில் இரண்டு பேரையும் விளித்து எழுதினோம். மூன்று கிழமைக்குள் இரண்டு பக்கத்து உத்தியோகத்தர்களும் ஒரே ஜீப்பில் வந்து இறங்கினார்கள். இன்னொன்று: தோட்டக் குடியிருப்புகளில் பிரதேச சபை வேலை செய்யச் சட்டம் இடம்தராது என்று முன்பு சொல்வார்கள். 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. பழைய பதிலைக் கேட்டுவிட்டுத் திரும்பி வராதீர்கள்.

மேல் டிவிசன்காரங்க ராத்திரியில வால்வை மூடிடுறாங்க. பொலிசுக்குப் போகலாமா?

அடிதடி வரும் நிலை என்றால் போகத்தான் வேண்டும். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடபடிமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் பொலிஸ் அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். காணிச் சண்டைக்கு மட்டும் உள்ள பிரிவு என்று பலர் நினைக்கிறார்கள். ஒருவர் காணியின் ஊடாக இன்னொருவர் அனுபவித்துவரும் தண்ணீர் உரிமை போன்றவையும் அதற்குள் வரும். ஆனால் அந்த நீதிமன்றம் உரிமை யாருக்கு என்று கடைசித் தீர்ப்புச் சொல்லாது. அமைதி குலையாமல் இப்போதைக்கு நிலைமை எப்படி இருக்க வேண்டும் என்றுதான் கட்டளையிடும்.

வால்வை மூடியவர்களிடம் ஏன் என்று யாராவது கேட்டீர்களா? எங்கள் இடத்தில் கேட்டோம். அவர்களுடைய பதில்தான் அடுத்த கேள்விக்கு வழிவிட்டது.

எல்லாரும் தண்ணி பத்தலைங்கிறாங்க. உண்மையிலேயே பத்தலையா?

அளந்து பாருங்கள். 20 லீற்றர் வாளி ஒன்றும், நேரம் பார்க்கப் போன் ஒன்றும் போதும். ஊற்று விழும் இடத்தில் வாளியை வைத்து எத்தனை செக்கனில் நிரம்புகிறது என்று மூன்று தரம் பாருங்கள். எங்கள் ஊற்றில் மழைக்காலத்தில் 40 செக்கன். நிமிடத்துக்கு 30 லீற்றர், ஒரு நாளைக்கு 43,200 லீற்றர். வரட்சியில் அதே வாளி நிரம்ப 80 செக்கன் எடுத்தது. நாளுக்கு 21,600 லீற்றர். மேலே 72 குடும்பம், கீழே 48. ஆக 120 குடும்பம், குடும்பம் ஒன்றுக்கு 180 லீற்றர். தாராளம் இல்லை. ஆனால் குடிக்க, சமைக்க, குளிக்கப் போதும்.

அப்புறம் ஏன் சண்டை? தாங்கி 2,000 லீற்றர்தான். இரவு ஒன்பது மணிக்குக் குழாய்கள் அடங்கினால் விடிய நான்கு மணி வரை ஏழு மணித்தியாலம். வரட்சியில்கூட அந்த நேரத்தில் 6,300 லீற்றர் ஊறும். 2,000 தாங்கியில் நிற்க, மிச்சம் 4,300 லீற்றர் வழிந்து வடிகானுக்குள் போனது. காலையில் வாளியோடு வரிசையில் நிற்கும் பெண்கள், மேல் டிவிசன்காரர்கள் தண்ணீரைத் திருடுகிறார்கள் என்று நினைத்தார்கள். மேல் டிவிசன்காரர்கள், வால்வை மூடாவிட்டால் விடியும்போது தங்கள் லயத்துக்கு (வரிசை வீடுகளுக்கு) ஒரு சொட்டும் ஏறாது என்று பயந்தார்கள். இன்னொரு தாங்கி கட்டியதும் வால்வைத் தொடும் தேவையே இல்லாமல் போனது. எல்லா ஊற்றுக்கும் இந்த முடிவு வராது. சில இடங்களில் நிஜமாகவே தண்ணீர் இல்லை. ஆனாலும் அளக்காமல் அதைச் சொல்லாதீர்கள்.

மத்தியஸ்த சபைக்குப் போனா பிரயோசனம் இருக்கா? அங்க வெறும் பேச்சுத்தானே?

பேச்சுத்தான். அதில் ஒன்றும் குறைவில்லை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் சபை அது. மத்தியஸ்தர்கள் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசவிடுவார்கள். உங்களுக்காகச் சட்டத்தரணி பேச முடியாது என்பதால் கொழுந்து பறிக்கும் அக்காவும் அங்கே தன் வாயால் தன் கதையைச் சொல்லலாம். இணக்கம் வந்தால் எழுதிக் கையெழுத்து. வராவிட்டால் இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் தருவார்கள். பல வழக்குகளுக்கு அந்தக் காகிதம் இல்லாமல் நீதிமன்றம் போக முடியாது.

இரண்டு லயங்களுக்கு, அல்லது தோட்டத்துக்கும் கிராமத்துக்கும் இடையில் உள்ள பிணக்குக்கு இது நல்ல இடம். உங்கள் எதிர்த்தரப்பு ஒரு திணைக்களம் என்றால் இங்கே முடியாது. அதற்கு முன்னே சொன்ன கூட்டுக் கடிதம்தான் வழி.

எங்க தாத்தா காலத்துல இருந்து அந்தப் பீலியிலதான் (மலைத் தண்ணி விழுற இடத்துலதான்) குளிக்கிறோம். அது உரிமை ஆகாதா?

1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, தனியார் காணியில் தடையில்லாமல் பத்து வருடம் அனுபவித்தால் உரிமை கோரலாம். அரச காணிக்கு எதிராக அப்படிக் கோர முடியாது. முதல் பதிலில் சொன்னதுபோல் தோட்டக் காணி அரசுடையது. நூறு வருடம் குளித்திருந்தாலும் அந்தச் சட்டத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

ஆனாலும் அந்த நீண்ட பாவனை வீணாகாது. மத்தியஸ்த சபையிலும் 66ஆம் பிரிவு வழக்கிலும் யார் எவ்வளவு காலமாக எடுத்துவந்தார்கள் என்பதுதான் கேட்கப்படும். பீலியடியில் எடுத்த பழைய கல்யாணப் படம், தாங்கியில் பொறித்த வருடம், தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் பைப் வாங்கிய பதிவு எல்லாம் சாட்சி. பெரியவர்கள் இருக்கும்போதே அவர்கள் சொல்வதை எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

கீழ்க் கிராமத்து ஆட்கள் வயலுக்கு வேணும்ங்கிறாங்க, நமக்குக் குடிக்க வேணும். யாருக்கு முதல்ல?

குடிநீருக்குத்தான் முதலிடம் என்பதை யாரும் மறுப்பதில்லை. ஆனால் அந்த வயலும் வாய்க்காலும் தேயிலை வருவதற்கு முன்பிருந்தே அங்கே இருந்திருக்கலாம். அதை நாம் மறந்துவிடக் கூடாது. சிறிய வாய்க்கால்களும் குளங்களும் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி நடக்கின்றன. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் விவசாயிகள் கூடித் தண்ணீர் விடும் நாளைத் தீர்மானிக்கும் கன்னக் கூட்டம் நடக்கும். மேலே இருக்கும் தோட்டத்திலிருந்து அந்தக் கூட்டத்துக்கு யாராவது போனதாக நான் கேள்விப்படவே இல்லை.

நாங்கள் மூன்று பேர் போனோம். முதலில் முறைத்தார்கள். எங்களோடு வந்த தங்கச்சி, வாளிக் கணக்கைச் சிங்களத்தில் பலகையில் எழுதிக் காட்டினாள். ஒரு முதியவர் எழுந்து, "நங்கி, ராத்திரித் தண்ணீரை எங்களுக்கு விட முடியுமா?" என்று கேட்டார். புதுத் தாங்கி நிரம்பிய பிறகு வருவதை வாய்க்காலுக்குத் திருப்புவதாக ஒத்துக்கொண்டோம். வயலுக்கு எந்த நேரம் பாய்ந்தாலும் சரிதான்.

ஊத்து காட்டுக்குள்ள இருக்கு. பைப் போட யாரு அனுமதி தரணும்?

ஒதுக்குக் காடு என்றால் வன பாதுகாப்புத் திணைக்களம். சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் வனசீவராசிகள் திணைக்களம். அனுமதி வாங்காமல் ஒரு செடியையும் வெட்டாதீர்கள். அந்தக் காடு இல்லாவிட்டால் ஊற்றும் இல்லை.

மேல மரக்கறித் தோட்டத்துல மருந்தடிக்கிறாங்க, தண்ணி நாறுது. அது வேற பிரதேச சபையாம். என்ன செய்றது?

உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உங்கள் குழாயில் மாதிரி எடுக்கலாம். ஊற்றடியில் எடுக்க அந்தப் பக்கத்துப் பரிசோதகர் வேண்டும். இரண்டு மாதிரியும் ஒரே நாளில் எடுக்கப்படாவிட்டால் அறிக்கைகளை ஒப்பிட முடியாது. இதைக் கடிதத்திலேயே கேளுங்கள். மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கு மாகாண எல்லை கிடையாது, அங்கேயும் எழுதுங்கள். பொதுத் தொல்லை என்று நீதவானிடம் போகவும் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவில் இடமிருக்கிறது. சுன்னாகம் நிலத்தடி நீர் எண்ணெயால் மாசுபட்ட வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு செலுத்தக் கட்டளையிட்டது. சுத்தமான தண்ணீருக்காக நீதிமன்றம் போகலாம் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

ரெண்டு மாகாணம் சம்பந்தப்பட்டா மாகாண சபை தீர்க்குமா? காவிரிக்கு மாதிரி இங்கேயும் நடுவர் மன்றம் இருக்கா?

இல்லை. இந்தியாவில் மாநிலங்களுக்கு இடையிலான ஆற்று நீருக்கு 1956இலேயே தனிச் சட்டம் வந்தது. அதன்படிதான் 1990இல் காவிரி நடுவர் மன்றம் அமைந்தது. இலங்கையில் அப்படி ஒன்றும் கிடையாது. 1987இன் 13ஆவது திருத்தம் நீர்ப்பாசனத்தை மாகாண சபைகளுக்குக் கொடுத்தது. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட மாகாணங்களில் ஓடும் ஆறுகளின் திட்டங்களை அதிலிருந்து விலக்கிவிட்டது. மகாவலி அப்படி. மஸ்கெலியா ஓயாவும் கெசல்கமு ஓயாவும் சேர்ந்து உருவாகும் களனியும் அப்படித்தான், மத்திய மாகாணத்தில் பிறந்து சப்ரகமுவவைத் தாண்டி மேல் மாகாணத்தில் கடலில் விழுகிறது. ஆக அந்த ஆறுகளின் பெரிய திட்டங்கள் கொழும்பின் கையில். சின்ன ஊற்றுகளுக்கு முன்பு சொன்ன ஒழுங்குதான்: இரண்டு பிரதேச செயலகம், இரண்டு கச்சேரி.

பெரிய அணைகள்ல யாரு முடிவெடுக்கிறாங்க? எல்லாம் நம்ம மலைத் தண்ணிதானே?

மகாவலியில் எந்தப் போகத்துக்கு எங்கே எவ்வளவு என்று தீர்மானிக்க, மகாவலி அதிகார சபை தலைமையில் மின்சார சபை, நீர்ப்பாசனத் திணைக்களம், குடிநீர்ச் சபை போன்றவை கூடும் ஒரு குழு இருக்கிறது. பேசித் தீர்க்க ஒரு மேசை இருப்பது பெரிய விசயம். பேச்சு இழுபட்டால் என்ன நடக்கும் என்பதை 2023 ஆகஸ்டில் பார்த்தோம். உடவளவையில் வயல் காய்ந்தது. மேலே சமனலவெவயில் மின்சாரத்துக்காகத் தண்ணீர் வைத்திருந்தார்கள். விவசாயிகள் வீதிக்கு வந்து, கடைசியில் அமைச்சரவை வரை போய்த்தான் தண்ணீர் திறக்கப்பட்டது. அதற்குள் பயிர் எவ்வளவோ கருகிவிட்டது.

தலவாக்கலையில் 2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவோற் மேல் கொத்மலைத் திட்டம் இன்னொரு உதாரணம். சென் கிளயர் நீர்வீழ்ச்சி வறண்டுபோகும் என்ற எதிர்ப்பால், பகலில் அதில் தண்ணீர் விட வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. எழுப்பிய குரல் வீண்போகவில்லை. என்றாலும் நீர்வீழ்ச்சிக்குக் கிடைத்த அந்த இடம், அணைக்கு மேலே லயங்களில் வாழும் குடும்பங்களின் குடிநீருக்கு எந்த மேசையிலும் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது.

உமா ஓயாவுக்குச் சுரங்கம் தோண்டினப்போ ஊத்தெல்லாம் வத்திப்போச்சே. அந்த மாதிரி நமக்கு நடந்தா?

மகாவலியின் கிளையான உமா ஓயாத் தண்ணீரைக் கிரிந்தி ஓயாப் பக்கம் கொண்டுபோகும் திட்டம் அது. 2014 டிசம்பரிலும் 2017இலும் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பாய்ந்தது. பண்டாரவளைப் பக்கம் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன, பவுசரில் தண்ணீர் வந்தது.

நட்டஈடு கேட்கும்போது "முன்பு எவ்வளவு தண்ணீர் இருந்தது?" என்பார்கள். அதற்குத்தான் வாளிக் கணக்கு. மாதம் ஒரு தரம் அளந்து, திகதி போட்டு, இரண்டு பேர் கையெழுத்து வைத்த கொப்பி உங்களிடம் இருந்தால் நீங்கள் பேசலாம்.

மண்சரிவுக்குப் பிறகு ஊத்து இடம் மாறிடுச்சு. பழைய ஒப்பந்தம் செல்லுமா?

"இந்த இடத்து ஊற்று" என்று எழுதியிருந்தால் சிக்கல். "இந்தச் சரிவிலிருந்து வரும் தண்ணீர்" என்று எழுதியிருந்தால் தப்பித்தீர்கள். புது இடத்தில் தோண்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஈர மண்ணில் தாங்கி கட்டி அதையும் லயத்தையும் சேர்த்து இழந்துவிடக் கூடாது.

ஒப்பந்தம்னு எழுதினா என்னென்ன எழுதணும்?

எங்களுடையது ஒன்றரைப் பக்கம். மழைக்கால அளவும் வரட்சி அளவும் வாளிக் கணக்கோடு இருக்கிறது. எந்தப் பக்கத்துக்கு எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, வால்வுச் சாவி யாரிடம், பைப் உடைந்தால் எந்தத் துண்டுக்கு யார் செலவு என்று வெட்டவெளிச்சமாக எழுதினோம். சாவி இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, இரண்டு ஜி.எஸ்.மாரும் சாட்சிக் கையெழுத்து வைத்து, ஒரு பிரதியைத் தாங்கிச் சுவரில் தகரத்துக்குள் மாட்டினோம்.

"வரட்சிக் காலம்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மேற்குச் சரிவில் அது தை முதல் பங்குனி வரை. ஊவாப் பக்கம் ஆனி முதல் புரட்டாசி வரை காயும், அந்த மாதங்களில் ஹட்டனில் மழை கொட்டும். எங்கள் முதல் ஒப்பந்தம் இந்த ஒரு சொல்லில்தான் உடைந்தது. இப்போது "வாளி நிரம்ப 60 செக்கனுக்கு மேல் போனால்" என்று எழுதியிருக்கிறோம்.

ஏழு பேர்ச் காணியில புது வீடு வருதே. அவங்களுக்கும் இதே ஊத்தா?

அத்திவாரம் வெட்டுமுன் கேளுங்கள். வீட்டுத் திட்டம் போடுகிறவர்கள் தண்ணீர் எங்கிருந்து என்பதை எழுத்தில் சொல்லட்டும். சாவி கொடுக்கும் நாளில் கேட்டால் பிந்திவிடும். குடிவரும் குடும்பங்களும் நம் ஆட்கள்தான். அவர்களையும் சேர்த்தே பங்கைத் திரும்பக் கணக்குப் போட வேண்டும்.

கடிதம் போட்டா பதிலே வராதே?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். "எங்கள் கடிதம் இப்போது எந்த மேசையில்?", "நீர்ப் பரிசோதனை அறிக்கையின் பிரதி தரவும்" என்று குறிப்பாகக் கேளுங்கள். தமிழிலேயே எழுதலாம். அது உங்கள் உரிமை.

மறுபக்கத்து ஆட்களோட எங்களுக்குப் பேச்சுவார்த்தையே இல்லை. எப்படித் தொடங்குறது?

ஊற்றைத் துப்புரவு செய்யக் கூப்பிடுங்கள். கூட்டம் என்றால் தலைவர்மார் மட்டும் வருவார்கள், பழைய கதை கிளம்பும். சிரமதானம் என்றால் மண்வெட்டியோடு இளைஞர்கள் வருவார்கள். வரட்சிக்கு இரண்டு மாதம் முன்பு, தண்ணீர் தாராளமாக இருக்கும்போதே வையுங்கள். தேத்தண்ணி, ரொட்டி உங்கள் செலவு. சேற்றை வாரிப் போட்டுவிட்டு, எல்லாரும் நிற்கும்போதே வாளியை வைத்து அளந்து பாருங்கள். நேரம் பார்க்கும் போன் அவர்களில் ஒருவரின் கையில் இருக்கட்டும். வந்த கணக்கை இரு பக்கமும் தங்கள் தங்கள் கொப்பியில் எழுதிக்கொண்டு போகட்டும்.